280 டன்: பினாடுபோ எரிமலையில் ஒரு வாயு அளவீடு

1991 மே 13 அன்று பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 டன் கந்தக டை ஆக்சைடு வெளியாகிக்கொண்டிருந்தது. மே 28-ல் அது 5,000 டன்னைத் தாண்டியது. ஜூன் 5-ல் 280 டன்னுக்கு இறங்கிவிட்டது. ஜூன் 10-ல் 13,000 டன்னுக்கு மேல் போனது. ஜூன் 15 மதியம் மலை வெடித்தது.

எல்லாம் முடிந்த பிறகு வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த எண்களில் ஒரு ஒழுங்கு தெரியும். ஆனால் ஜூன் 5 அன்று மலையடிவாரத்தில் இருந்தவர்களின் கையில் முதல் மூன்று எண்கள் மட்டுமே இருந்தன. வாயு ஏறி, பிறகு சட்டென்று இறங்கியிருக்கிறது. மலை அடங்குகிறதா, இல்லை அடைத்துக்கொண்டதா? பல்லாயிரம் பேரை வீட்டைவிட்டுக் கிளப்புவதா வேண்டாமா என்ற முடிவில் இந்தக் கேள்விக்கும் ஒரு பங்கு இருந்தது. எரிமலை வாயுவை ஒளியைக் கொண்டு தொலைவிலிருந்து அளப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 280 டன்தான். கருவி அதைச் சரியாகவே அளந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் சிக்கல்.

மலை விழித்துக்கொண்டது

லூசோன் தீவில், மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் இருக்கிறது பினாடுபோ. ஏறக்குறைய 500 ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்ததால் சுற்றியிருந்தவர்களில் பலருக்கு அது எரிமலை என்றே தெரியாது. சரிவுகளில் ஆயேட்டா பழங்குடியினர் வாழ்ந்தார்கள். கிழக்கு அடிவாரத்தில் அமெரிக்காவின் கிளார்க் விமானப் படைத் தளம் இருந்தது. பூமிக்கடியில் சூடு இருப்பது மட்டும் முன்பே தெரியும். பிலிப்பைன்ஸ் தேசிய எண்ணெய் நிறுவனம் 1980-களின் கடைசியில் புவிவெப்ப மின்சாரத்துக்காக அங்கே ஆழ்துளைக் கிணறுகள் தோண்டிப் பார்த்திருந்தது. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் நிறைய சுடுநீர் இருந்தது என்பது பின்னால் வேண்டியிருக்கும்.

1991 மார்ச் நடுவில் நிலம் லேசாக நடுங்கத் தொடங்கியது. ஏப்ரல் 2 அன்று மலையின் வடபகுதியில் சுமார் ஒன்றரை கி.மீ. நீளத்துக்கு நிலம் பிளந்து, நீராவி சாம்பலோடு வெடித்துக் கிளம்பியது. ஃபிவோல்க்ஸ் எனப்படும் பிலிப்பைன்ஸ் எரிமலை, நில அதிர்வு ஆய்வு நிறுவனம் ரேமுண்டோ புனோங்பாயன் தலைமையில் உடனே நில அதிர்வுமானிகளைக் கொண்டுபோய் வைத்தது. ஏப்ரல் கடைசியில் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்திலிருந்து கிறிஸ் நியூஹால் உள்ளிட்ட சிறு குழு வந்து சேர்ந்தது. இரு தரப்பும் சேர்ந்து கிளார்க் தளத்திலேயே ஒரு கண்காணிப்பு நிலையத்தை அமைத்தார்கள்.

நில அதிர்வுகளை வைத்து மட்டும் அப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முந்தைய ஆண்டு ஜூலையில்தான் லூசோனை ஒரு பெரிய நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. அதன் பின்விளைவாகவும் பாறைகள் நகர்ந்துகொண்டிருக்கலாம். நீராவி வெடிப்பையும் அப்படியே விளக்கிவிடலாம்: நிலத்தடி நீர் பழைய சூட்டில் பட்டுக் கொதித்து வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று. கீழேயிருந்து புதிய மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, ஏறி வருகிறதா என்பதை வேறு வழியில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதம் வாயு அளக்கும் கருவி வந்தது இதற்காகத்தான்.

ஏன் கந்தக டை ஆக்சைடு?

மாக்மாவிலிருந்து வரும் வாயுவில் பெரும்பங்கு நீராவி, அடுத்து பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் காற்றில் ஏற்கெனவே ஏராளமாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்து எரிமலையின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். கந்தக டை ஆக்சைடு அப்படியில்லை. சுத்தமான காற்றில் அது நூறு கோடியில் ஒரு சில பங்குகூட இருக்காது. எரிமலைப் புகையில் தெரிந்தால் அது எரிமலையுடையதுதான். தவிர, புற ஊதாக் கதிரில் 300 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள பகுதியில் அது ஒளியை அழுத்தமாக, வரிவரியாக உறிஞ்சுகிறது. வானத்திலிருந்து சிதறி வரும் சூரிய ஒளியிலேயே அந்தக் கதிர் இருப்பதால் தனி விளக்குகூட வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு மாக்மா மிக ஆழத்தில் இருக்கும்போதே பிரிந்து வந்துவிடும். கந்தக டை ஆக்சைடு கணிசமாகப் பிரிவது பொதுவாக மாக்மா மேலே நெருங்கி, அழுத்தம் குறையும்போதுதான். ஆகவே அது பெருகினால், மாக்மா மேலே வருகிறது என்று எடுத்துக்கொள்ள நல்ல முகாந்திரம் உண்டு.

கோஸ்பெக் என்ற பெட்டி

பினாடுபோவில் பயன்பட்ட கருவியின் பெயர் கோஸ்பெக். கனடாவின் பேரிஞ்சர் நிறுவனம் 1960-களில் ஆலைப் புகைபோக்கிகளின் மாசை அளப்பதற்காக உருவாக்கியது. எரிமலைக்கென்று செய்ததே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் டார்ட்மவுத் கல்லூரியின் ரிச்சர்ட் ஸ்டாய்பர் அதை மத்திய அமெரிக்க எரிமலைகளுக்குக் கொண்டுபோனார். ஆலைப் புகைக்குப் பொருந்துவது எரிமலைப் புகைக்கும் பொருந்தியது. அடுத்த 30 ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க எரிமலைக்காரர்கள் இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய எடையும் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். தொலைநோக்கி வழியாக நுழையும் வான் ஒளியைக் கருவி நிறமாலையாகப் பிரிக்கிறது. அதன் குறுக்கே ஒரு தட்டு சுழல்கிறது. தட்டில் மெல்லிய பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும்: ஒரு தொகுதிப் பிளவுகள் வாயு அதிகமாக உறிஞ்சும் அலைநீளங்களில் அமையும், இன்னொரு தொகுதி குறைவாக உறிஞ்சும் அலைநீளங்களில் அமையும். இரண்டின் வழியாகவும் வரும் ஒளியின் விகிதம், கருவிக்கும் வானத்துக்கும் இடையில் எவ்வளவு கந்தக டை ஆக்சைடு இருக்கிறது என்று சொல்லிவிடும். நிறமாலை முழுவதையும் பதிவு செய்து கணினியில் அலசும் வசதி இல்லாத காலத்தில், அலசும் வேலையை ஒரு உலோகத் தட்டின் பிளவுகளிடமே ஒப்படைத்தது நல்ல யோசனை. இன்றும் எனக்கு அந்த வடிவமைப்பின் மேல் ஒரு மரியாதை உண்டு.

புகை காற்றில் ஒரு பக்கமாக நீண்டு போகும். அதற்கு அடியில், அது போகும் திசைக்குக் குறுக்காகக் கடக்க வேண்டும். சாலை இருந்தால் வண்டியில், இல்லாவிட்டால் விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ. பினாடுபோவில் வானில்தான் போனார்கள். தொலைநோக்கி மேல்நோக்கி இருக்கும். புகைக்கு வெளியே இருக்கும்வரை காகிதச் சுருளில் பேனா அடிமட்டத்தில் ஓடும். புகையின் ஓரம் தலைக்கு மேல் வந்ததும் மெல்ல ஏறும், நடுப்பகுதியில் உச்சிக்குப் போகும், மறு ஓரத்தில் மீண்டும் இறங்கும். முன்னும் பின்னும், தெரிந்த அளவு வாயு அடைத்த ஒரு சிறு குவார்ட்ஸ் குப்பியை ஒளிப்பாதையில் செருகி, பேனா எவ்வளவு தாவுகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். காகிதத்தில் அந்தத் தாவலும் ஒரு சதுரப் படிபோலப் பதிந்திருக்கும். புகையின் மேடு எத்தனை படி உயரம் என்பதை வைத்துத்தான் வாயுவின் அளவு.

இப்படிக் கிடைப்பது பிபிஎம்-மீட்டர் என்ற அலகில் இருக்கும். அதாவது செறிவையும் ஒளி கடந்த தடிமனையும் பெருக்கியது. அதைப் புகையின் அகலத்தாலும் காற்றின் வேகத்தாலும் பெருக்கி, 0.00023 என்ற மாற்று எண்ணாலும் பெருக்கினால் நாளுக்கு எத்தனை டன் என்று வந்துவிடும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சராசரி 60 பிபிஎம்-மீட்டர், அகலம் 5,000 மீட்டர், காற்று நொடிக்கு 7 மீட்டர் என்றால் 483 டன். மற்ற எதையும் மாற்றாமல் காற்று 7 அல்ல, 10 என்று வைத்தால் 690 டன்.

ஆக, ஒளியியலை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கடைசியில் காற்று கையை விரித்துவிடும். புகை மிதக்கும் உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை நேரடியாக அறிவது கடினம். கோஸ்பெக் அளவீடுகளின் பிழையில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வரும். இது போதாதென்று புகையில் சாம்பல் கலந்திருந்தால் ஒளி சிதறும், எண் குறைத்துக் காட்டும். புகைக்கும் கருவிக்கும் இடையில் தூரம் அதிகமானால், புகையைத் தொடாமலே நடுவில் சிதறிய ஒளியும் உள்ளே வந்து கலக்கும். அப்போதும் எண் குறையும். இரவில் வேலை நடக்காது. மழைமேகம் இறங்கினாலும் நடக்காது. ஜூன் மாத லூசோனில் மழைமேகத்துக்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 500-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கருவியை நம்பிப் பேச முடியாது. ஆனால் 5,000-லிருந்து 280-க்கு இறங்கியது ஏறக்குறைய 18 மடங்கு வீழ்ச்சி. காற்று வேகத்தைத் தப்பாக மதிப்பிட்டதால் மட்டும் 18 மடங்கு வராது. வெளியே வந்த வாயு நிஜமாகவே குறைந்திருந்தது.

ஏறிய இரண்டு வாரம்

மே 13-ன் 500 டன் முதல் பெரிய செய்தி. வெறும் நிலத்தடி நீர் கொதித்து வரும் புகையாக இருந்தால் இவ்வளவு கந்தக டை ஆக்சைடு வர வேண்டியதில்லை. கீழே மாக்மா இருக்கிறது என்ற வாதத்துக்கு இப்போது ஆதாரம் கிடைத்தது. இதற்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரையிலான எச்சரிக்கை நிலைகளையும் வகுத்து அறிவித்திருந்தார்கள். மலை இரண்டாம் நிலையில் இருந்தது. பிறகு இரண்டே வாரத்தில் வாயு பத்து மடங்கானது.

ஒரு விஷயத்தை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மலைக்குள் சுடுநீர் நிறைய இருந்தது என்றேனே, கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். கரைந்து கந்தக அமிலமாகவும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் மாறும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கோஸ்பெக்கின் கண்ணுக்குத் தெரியாது. எனவே தொடக்கத்தில் மாக்மாவிலிருந்து கிளம்பிய கந்தகத்தில் ஒரு பகுதியை நிலத்தடி நீரே விழுங்கியிருக்கும். சூடு ஏறி, வாயு வரும் பாதைகள் காய்ந்த பிறகுதான் அது தடையில்லாமல் வெளியே வரும். அப்படிப் பார்த்தால் மே மாத ஏற்றத்தில் இரண்டு மாற்றங்கள் கலந்திருக்கலாம்: கீழிருந்து வாயு அதிகம் வந்தது, வழியில் கரைவது குறைந்தது. எது எத்தனை பங்கு என்று இந்த ஒரே எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்த ஆண்டு அலாஸ்காவின் ஸ்பர் மலையில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. 1992-ல் அது மூன்று முறை வெடித்தது. ஆனால் வெடிப்புகளுக்கு முன்பும் இடையிலும் அளந்த கந்தக டை ஆக்சைடு மிகக் குறைவு; தண்ணீர் அதைத் தடுத்துவிட்டிருந்தது. வாயு இல்லை, ஆகவே மாக்மா இல்லை என்று அங்கே யாராவது முடிவு கட்டியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் 5

மே 28-க்குப் பிறகு எண்கள் இறங்கத் தொடங்கி, ஜூன் 5-ல் 280-ல் வந்து நின்றன.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, மேலே வந்த மாக்மா தன் வாயுவையெல்லாம் கக்கிவிட்டது, இனிமேல் குளிர்ந்து உறைய வேண்டியதுதான். உலகில் எத்தனையோ எரிமலைகள் இப்படி விழித்து, புரண்டு, மறுபடி தூங்கியிருக்கின்றன. இரண்டு, வாயு வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. முதலாவது உண்மையென்றால் மக்களை வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாவது உண்மையென்றால் இன்னும் அதிகம் பேரை வெளியேற்ற வேண்டும். ஒரே எண், நேர் எதிரான இரண்டு உத்தரவுகள்.

கோஸ்பெக் அளப்பது வெளியேறும் வாயுவை மட்டும்தான். கல்யாண மண்டபத்து வாசலில் நின்று வெளியே வருகிறவர்களை எண்ணினால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது. வருகிறவர்கள் குறைந்தால் மண்டபம் காலியாகிவிட்டது என்றும் சொல்லலாம், பந்தி தொடங்கிவிட்டது என்றும் சொல்லலாம்.

எது என்று முடிவு செய்ய வேறு சாட்சி வேண்டும். பினாடுபோவில் அது இருந்தது. மே கடைசி வரை பெரும்பாலான அதிர்வுகள் உச்சிக்குச் சுமார் 5 கி.மீ. வடமேற்கே குவிந்திருந்தன. ஜூன் தொடங்கியதும் நீராவித் துளைகளுக்கு நேர் கீழே, உச்சியை ஒட்டிய இடத்தில் ஒரு புதிய கொத்து முளைத்தது. வாயு குறைந்த அதே நாட்களில் அதிர்வு கூடியது; இடமும் மேலே, நடுவுக்கு வந்தது. அடங்குகிற மலை இப்படி நடந்துகொள்ளாது. ஜூன் 5 அன்றே எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு உயர்ந்தது. மறுநாள் சாய்வுமானி மலை வெளிப்புறமாக உப்புவதைக் காட்டியது. ஜூன் 7-ல் ஒரு வெடிப்பு, நான்காம் நிலை. அப்புறம் வடமேற்குச் சரிவில் எரிமலைக் குழம்பு கெட்டியான ஒரு மேடாகப் பிதுங்கி நிற்பதைப் பார்த்தார்கள். மாக்மா மேற்பரப்புக்கே வந்துவிட்டது. இனி விவாதத்துக்கு இடமில்லை.

அந்தக் குழம்பு மேடு 280 டன் புதிருக்கும் ஒரு விளக்கம் தருகிறது. முன்னால் ஏறி வந்த மாக்மா நுனி வாயுவை இழந்து இறுகி, தான் வந்த வழியையே அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த அழுத்தம் அதைப் பிதுக்கி வெளியே தள்ளியது. தள்ளிய பிறகு வழி திறந்தது. ஜூன் 10-ல் 13,000 டன். அடைப்பு என்ற கருத்து அப்போதே குழுவில் பேசப்பட்டது என்பதுதான் முக்கியம். பின்னால் கட்டுரை எழுதும்போது ஒட்டவைத்த விளக்கம் இல்லை இது.

சிலர் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது வாயு அளவீடுதான் வெடிப்பை முன்கூட்டிச் சொன்னது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கந்தக டை ஆக்சைடு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஜூன் முதல் வாரத்தில் ஆட்கள் ஊர் திரும்பியிருக்கக்கூடும். வாயு செய்த பெரிய உதவி மே மாதத்தில், கீழே மாக்மா இருக்கிறது என்று உறுதிப்படுத்தியது. ஜூனில் அது ஒரு கேள்வியைத்தான் எழுப்பியது. பதில் நில அதிர்வுமானியிடமிருந்து வந்தது.

வெடிப்பு

ஜூன் 9-ல் ஐந்தாம் நிலை. மறுநாள் காலை கிளார்க் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் சூபிக் கடற்படைத் தளத்துக்கு வண்டி வண்டியாகக் கிளம்பினார்கள். ஜூன் 12 காலை முதல் பெரிய வெடிப்பு. ஜூன் 15 மதியம் 1:42-க்கு உச்சகட்டம் தொடங்கி, சாம்பல் தூண் 35 கி.மீ.க்கு மேல் எழுந்தது. அதே நாளில் யூன்யா புயலும் அந்தப் பக்கமாகக் கடந்தது. மழையில் ஊறிய சாம்பல் கனத்து, கூரைகள் இடிந்து சில நூறு பேர் இறந்தார்கள். பின்னர் முகாம்களில் நோயில் இறந்தவர்கள் அதற்கும் மேல். அவர்களில் ஆயேட்டா மக்களே அதிகம். முன்கூட்டியே வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது பின்னாளில் செய்த மதிப்பீடு. மலை சுமார் 260 மீட்டர் உயரத்தை இழந்தது. உச்சி இருந்த இடத்தில் 2.5 கி.மீ. அகலப் பள்ளம்.

வானத்திலிருந்து பார்த்த கணக்கு

தரையில் எந்தக் கருவியும் வேலை செய்ய முடியாத நேரத்தில், மேலே நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்த டாம்ஸ் கருவி அளந்துகொண்டிருந்தது. அதுவும் எரிமலைக்காக அனுப்பியது இல்லை. 1978-ல் ஓசோனை வரைபடமாக்க அனுப்பியது. ஓசோனும் கந்தக டை ஆக்சைடும் புற ஊதாவில் ஏறக்குறைய ஒரே பகுதியில் ஒளியை உறிஞ்சுகின்றன. 1982-ல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது ஓசோன் படத்தில் இருக்கக்கூடாத ஒரு மேகம் தெரிந்தது. நாசாவின் ஆர்லின் க்ரூகர் அது ஓசோன் இல்லை, எரிமலையின் கந்தக டை ஆக்சைடு என்று காட்டினார். எரிமலை வாயுவை விண்ணிலிருந்து அளக்கும் துறையே இப்படி ஒரு தொல்லையிலிருந்து தொடங்கியதுதான்.

பினாடுபோ மேகத்தில் டாம்ஸ் கண்டது சுமார் 2 கோடி டன். பின்னர் மறு கணக்கில் கொஞ்சம் குறைந்து 1.7 கோடி டன்னை ஒட்டிய மதிப்புகள் வந்தன. மேகம் ஏறக்குறைய 22 நாளில் உலகைச் சுற்றி வந்தது. வாயு மெல்லக் கந்தக அமிலத் துளிகளாக மாறி அடுக்கு வளிமண்டலத்தில் மிதந்து சூரிய ஒளியைத் திருப்பியனுப்பியதால், 1992-ல் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது.

இப்போது இரண்டு கருவிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே 13 முதல் ஜூன் 10 வரை நான்கு வாரம். தாராளமாக, தினமும் 5,000 டன் வெளியேறியது என்றே வைத்துக்கொள்வோம். 1.4 லட்சம் டன். வெடிப்பில் வந்தது 170 லட்சம் டன். அந்த மாதம் முழுக்கக் கோஸ்பெக் அளந்தது, உள்ளே காத்திருந்த கந்தகத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை.

பாறையியலாளர்களுக்கு இங்கே வேறொரு தலைவலி. வெடித்த மாக்மாவின் படிகங்களுக்குள் சிறைப்பட்ட கண்ணாடித் துளிகளில் கரைந்திருந்த கந்தகத்தை அளந்து, மொத்த மாக்மாவுக்கும் பெருக்கிப் பார்த்தார்கள். டாம்ஸ் கண்டதில் மிகச் சிறு பங்குதான் கணக்கில் வந்தது. மீதி எங்கிருந்து வந்தது? டெரன்ஸ் கெர்லாக்கும் உடனிருந்தவர்களும் சொன்ன விடை: வெடிப்புக்கு முன்பே, பல கி.மீ. ஆழத்தில், மாக்மாவுக்குள் வாயு தனிக் குமிழ்களாகப் பிரிந்து தேங்கியிருந்தது. கந்தகத்தின் பெரும்பகுதி குழம்பில் கரைந்திருக்கவில்லை, குமிழ்களில் இருந்தது. குழம்பு மேட்டின் பாறையில், அடியிலிருந்து புகுந்த வேறு வகை மாக்மா, அதாவது பசால்ட், கலந்த தடயமும் கிடைத்தது. அதுவும் கந்தகத்தைக் கொண்டுவந்திருக்கலாம். எப்படியானாலும், 280 டன் வெளியேறிக்கொண்டிருந்த அந்த நாளில் ஒரு கோடி டன்னுக்கு மேல் கீழே குமிழ்களாகக் காத்திருந்தது.

அதற்குப் பிறகு

பினாடுபோவில் தவிர்த்த தவறைக் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலையில் தவிர்க்க முடியவில்லை. 1992 ஜூலையில் அதன் குழம்பு மேடு வெடித்தது. பிறகு வாயு குறைந்தது, மலை அமைதியாகத் தெரிந்தது. 1993 ஜனவரியில் பக்கத்து பாஸ்தோ நகரில் எரிமலையாளர்களின் மாநாடு. 14-ஆம் தேதி சிலர் பள்ளத்துக்குள் இறங்கி அளவெடுத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. 6 விஞ்ஞானிகளும் 3 சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள். அங்கேயும் வாயு குறைந்ததற்கு அடைப்பு ஒரு காரணம் என்று பின்னர் விளக்கினார்கள். திருகாணி போல மெல்லத் தேயும் ஒரு வகை அதிர்வு முன்பே பதிவாகியிருந்தது. ஆனால் அது எண்ணிக்கையில் மிகக் குறைவு. பினாடுபோவின் அதிர்வுகள் போல உரக்கப் பேசவில்லை.

கருவிகள் மாறிவிட்டன. 2000-க்குப் பிறகு உள்ளங்கையில் அடங்கும் நிறமாலைமானிகள் வந்து கோஸ்பெக்கை ஓரங்கட்டின. டோஆஸ் என்ற இந்த முறையில் சுழலும் தட்டு கிடையாது. நிறமாலை முழுவதும் கணினிக்குள் போகிறது, ஓசோனையும் கந்தக டை ஆக்சைடையும் அங்கே கணக்கில் பிரித்துவிடலாம். நிகராகுவாவின் மசாயா எரிமலையிலும் மோண்ட்செராட் தீவின் சூஃப்ரியர் ஹில்ஸிலும் சோதித்தார்கள். 2005-ல் தொடங்கிய நோவாக் திட்டம் இவற்றைப் பல எரிமலைகளின் சரிவில் நிரந்தரமாக நட்டது; வானத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தாமாகவே வருடிக்கொண்டிருக்கும். பகல் முழுக்கச் சில நிமிடங்களுக்கு ஒரு எண் வரும். புற ஊதாக் கேமராக்கள் புகையின் நகர்வையே படம் பிடிப்பதால் காற்று வேகத் தொல்லையும் பாதி தீர்ந்தது. அகச்சிவப்பில் பார்க்கும் எஃப்டிஐஆர் கருவிகள் எட்னா, ஸ்ட்ராம்போலி போன்ற இடங்களில் பல வாயுக்களின் விகிதங்களை ஒரே நேரத்தில் தருகின்றன. 2017-ல் ஏவிய ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவி, பெரிய வெடிப்பை மட்டுமல்லாமல் பல எரிமலைகளின் அன்றாடக் கசிவையும் மேலிருந்து பார்க்கிறது.

1991-ல் இவையெல்லாம் இருந்திருந்தால்? மே 28-க்கும் ஜூன் 5-க்கும் இடையில் வாயு எந்த மணி நேரத்தில் குறைந்தது, ஒரேயடியாக அடைத்ததா, விட்டு விட்டு அடைத்ததா என்று தெரிந்திருக்கும். அடைப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வடிவத்தில் தெரிய வாய்ப்புண்டு. கார்பன் டை ஆக்சைடின் விகிதமும் கிடைத்திருந்தால் தண்ணீர் விழுங்கியது எவ்வளவு என்று ஓரளவு சொல்லியிருக்கலாம். ஆனாலும் புதிய கருவிகளுக்கும் வரம்புண்டு. 2018-ல் ஹவாயின் கிலாவேயாவில் புகை அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால், வழக்கமான அலைநீளங்களில் ஒளி ஏறக்குறைய முழுதாக உறிஞ்சப்பட்டுவிட்டது. நீண்ட அலைநீளங்களுக்குத் தள்ளி மறுபடி கணக்கிட்டபோதுதான் நாளுக்கு 2 லட்சம் டன் வரை என்ற மதிப்பு வந்தது. அதற்கு முன் சொன்ன எண்கள் அதில் ஒரு பகுதிதான்.

பிலிப்பைன்ஸிலேயே இதன் மறுபக்கமும் நடந்தது. 2021 ஜூலையில் மணிலாவுக்குத் தெற்கே உள்ள தால் எரிமலையில் ஃபிவோல்க்ஸ் அளந்த கந்தக டை ஆக்சைடு நாளுக்கு 22,000 டன்னைத் தாண்டியது, பினாடுபோவின் ஜூன் 10 எண்ணைவிட அதிகம். அதற்கு முன்பே மூன்றாம் நிலை எச்சரிக்கை விடுத்து, ஏரிக்கரை ஊர்களிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். வழி திறந்தே இருந்தது, வாயு போய்க்கொண்டே இருந்தது, பெரிய வெடிப்பு வரவில்லை. ஜூலை 23 அன்று எச்சரிக்கையை இரண்டாம் நிலைக்குக் குறைத்தார்கள்.